தொழவும், பேசவும், வாழவும்

ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு ஆழமாகக் கடவுளை நம்புகிறார்கள், எவ்வளவு அச்சமின்றித் தம் கருத்தைச் சொல்கிறார்கள், எவ்வளவு வசதியாக வாழ்கிறார்கள் என்பன மூன்று தனித்தனிக் கேள்விகள் என்றாலும், பொது விவாதங்களில் அவை எப்போதும் ஒன்றோடொன்று பின்னியே வருகின்றன. செல்வம் பெருகினால் பக்தி குறையும் என்பது ஒரு தரப்பு. பக்தி தளர்ந்த பிறகுதான் மேலை நாடுகளில் செல்வம் பெருகியது என்பது இன்னொரு தரப்பு. பேச்சுரிமை இல்லாத இடத்தில் வளர்ச்சி நிலைக்காது என்று சிலரும், பேச்சைக் கட்டுக்குள் வைத்த நாடுகளே விரைந்து முன்னேறின என்று வேறு சிலரும் வாதிடுகிறார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் எடுத்துக்காட்ட ஒரு நாடு கிடைத்துவிடுவதால் இந்த விவாதம் முடிவதே இல்லை.

இம்மூன்றையும் அளப்பதற்குப் பல அளவுகோல்கள் உள்ளன. ஒரு நாட்டில் ஓராண்டில் உருவாகும் பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பையும் கூட்டி மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது தனிநபர் உற்பத்தி மதிப்பு. வளத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் எண் இதுவே. மத ஈடுபாட்டை அறிய, 1981-ல் தொடங்கிய உலக விழுமியங்கள் ஆய்வும், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமும், தினமும் பிரார்த்தனை செய்கிறீர்களா, வாழ்க்கையில் மதத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள் என்பன போன்ற கேள்விகளை நாடு நாடாகக் கேட்டு வருகின்றன. பேச்சுரிமைக்கு நேரடியான அளவுகோல் இல்லாததால், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 180 நாடுகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வெளியிடும் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலையே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முதலில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நார்வே, டென்மார்க், சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகள் செல்வத்திலும் பத்திரிகைச் சுதந்திரத்திலும் மேலே, தினசரிப் பிரார்த்தனையில் கீழே இருக்கின்றன. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஏழை நாடுகள் பலவற்றில் மத ஈடுபாடு மிக அதிகம். பிப்பா நோரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் ஆகிய இரு அரசியல் அறிஞர்கள் 2004-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பசி, நோய், போர், வேலையின்மை ஆகியவற்றின் அச்சம் நாள்தோறும் சூழ்ந்திருக்கும் இடத்தில் மக்கள் மதத்தைப் பற்றிக்கொள்கிறார்கள் என்றும், மருத்துவமனையும் ஓய்வூதியமும் காப்பீடும் உறுதியாகக் கிடைக்கும் சமூகத்தில் அந்தப் பிடி தலைமுறை தலைமுறையாகத் தளர்கிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள்.

இந்த விளக்கம் பெரும்பான்மைக்குப் பொருந்துகிறது, ஆனால் விலகி நிற்கும் நாடுகள் சிறியவை அல்ல. உலகின் மிகப்பெரிய பொருளாதாரமான அமெரிக்காவில், 2010-களில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளின்படி, வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் தினமும் பிரார்த்தனை செய்தார்கள். அதே நாட்டின் அரசியல் சாசனத்தில் 1791-ல் சேர்ந்த முதல் திருத்தம், அரசு மதம் ஒன்றை நிறுவக் கூடாது என்பதையும் பேச்சுரிமையைப் பறிக்கக் கூடாது என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. தென்கொரியாவில் ஆலைகள் பெருகிய ஆண்டுகளில்தான் கிறிஸ்தவ சபைகளும் பெருகின. வளைகுடா நாடுகளின் செல்வம் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. அங்கே பேச்சும் மதமும் எப்படி இருந்திருந்தாலும் எண்ணெய் கிடைத்திருக்கும் என்பதால் இவ்விவாதத்தில் அவற்றால் பெரிய பயன் இல்லை. ஆனால் 1966-ல் விடுதலை பெற்று, மறு ஆண்டே வைரம் கண்டெடுத்த போட்ஸ்வானா, மத ஈடுபாடு மிக்க நாடாக இருந்தும் தேர்தல்களையும் ஓரளவு சுதந்திரமான விவாதத்தையும் விடாமல் காத்ததால், வைரம் கிடைத்த பிற ஆப்பிரிக்க நாடுகளைச் சிதைத்த உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பியது.

எந்தப் பட்டியலும் ஓராண்டின் நிலையைக் காட்டுமே அன்றி, ஒரு நாடு எந்த வழியாக அங்கே வந்தது என்பதைக் காட்டாது. நாடுகளை வேறுபடுத்துவது மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை விட, மதத்தின் பெயரால் செலுத்தப்படும் அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர் தம் பிழைப்பையோ உயிரையோ இழக்காமல் இருக்க முடிகிறதா என்பதே என்ற முடிவுக்கு, தனித்தனி நாடுகளின் வரலாறு இட்டுச்செல்கிறது. அவ்வகையில் மிகுந்த கவனத்துக்கு உரியது சுவீடன்.

1766 டிசம்பர் 2 அன்று சுவீடன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நூல்களை அச்சிடும் முன் அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற முன்தணிக்கை முறையை ஒழித்தது. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கவும் அச்சிடவும் உரிமை தந்தது. இப்படியொரு சட்டத்தை உலகில் முதலில் இயற்றிய நாடு சுவீடன்தான். அதன் பின்னணியில் முன்னின்று உழைத்தவர் ஆன்டர்ஸ் சிடேனியஸ் என்ற லூத்தரன் போதகர். அப்போது சுவீடனின் பகுதியாக இருந்த பின்லாந்தில், பொத்னியா வளைகுடாவை ஒட்டிய மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ச் சபையில் அவர் பணியாற்றிவந்தார். அந்தக் கரையோர மக்களின் முதன்மை வருவாய், பைன் மரத்தைக் குழிகளில் மெதுவாகப் புகைத்து வடிக்கும் தார். மரக்கப்பலின் பலகை இடுக்குகளை அடைக்கத் தார் இல்லாமல் அக்காலத்துக் கடற்படை எதுவும் மிதக்க முடியாது. ஆயினும் அதை வடித்த ஊரார் வெளிநாட்டுக் கப்பலுக்கு நேரடியாக விற்கத் தடை இருந்தது. சரக்கு முழுதும் தலைநகர் ஸ்டாக்ஹோம் வணிகர்கள் கைக்குச் சென்று, அவர்கள் வைத்த விலைக்கே போனது.

இந்தத் தடையை நீக்கவே சிடேனியஸ் 1765-ல் குருமார்களின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்குச் சென்றார். சலுகை பெற்ற வணிகர்களின் பிடியைத் தகர்க்க வேண்டுமானால் முதலில் அவர்களுடைய கணக்குகளும் அரசின் கணக்குகளும் வெளியே வர வேண்டும் என்பதை அங்கே அவர் கண்டுகொண்டார். பத்திரிகைச் சுதந்திரத்துக்கான அவருடைய போராட்டம் இந்தப் பொருளாதாரத் தேவையிலிருந்தே பிறந்தது. அதே 1765-ல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூல், மக்களைத் தத்தம் தொழிலைத் தேர்ந்துகொள்ள விட்டுவிட்டால் நாட்டின் ஆதாயம் தானே பெருகும் என்று வாதிட்டது. ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற நூல் அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. நாடாளுமன்றத்தின் நாணயக் கொள்கையைக் குறைகூறி எழுதியதற்காக, தாம் பாடுபட்ட சட்டம் நிறைவேறும் முன்பே சிடேனியஸ் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் மீண்டும் அவைக்கு வந்தபோது, பிற மதத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் சுவீடனில் தம் முறைப்படி வழிபட அனுமதி வேண்டும் என்று, தம் சக குருமார்களின் எதிர்ப்பையும் மீறி வாதாடினார். 1781-ல் அரசர் மூன்றாம் குஸ்தாவ் அதற்கான ஆணையைப் பிறப்பித்தார். வழிபாடு, பேச்சு, வணிகம் ஆகிய மூன்றன் விடுதலையையும் ஒன்றாகவே கண்ட இந்தப் போதகரைப் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை.

1766-ன் சட்டத்தையும் மிகைப்படுத்திக் காட்டக் கூடாது. இறையியல் நூல்களுக்கு முன்தணிக்கை தொடர்ந்தது. 1772-ல் அரசர் ஆட்சியைக் கைப்பற்றிய பின் சட்டமே முடக்கப்பட்டது. வீடுகளில் கூடி ஜெபிப்பதைக் குற்றமாக்கிய 1726-ஆம் ஆண்டுச் சட்டம் 1858 வரை நீடித்ததால், அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத குழுக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. வளமும் உடனே வந்துவிடவில்லை. 1809-ல் ரஷ்யாவின் கைக்குப் போன பின்லாந்தில் 1866 முதல் 1868 வரை நிலவிய பஞ்சத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒருவர் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் வறுமைக்குத் தப்பி அமெரிக்கா போனார்கள். ஆகவே, பேச்சுரிமை தந்தால் அடுத்த பத்தாண்டில் பணம் கொழிக்கும் என்று சுவீடனைக் காட்டிச் சொல்பவர் வரலாற்றைப் படிக்காதவர்.

ஆனால் அந்த வறிய நூற்றாண்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொருவரும் மறைநூலைத் தாமே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். போதகர் ஊர்தோறும் சென்று, குடும்பத் தலைவர் முதல் பண்ணையாள் வரை அனைவரையும் ஒரு வீட்டில் கூட்டி, ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, எவ்வளவு சரளமாகப் படிக்கிறார் என்பதை அவர் பெயருக்கு நேரே சபைப் பதிவேட்டில் குறித்துவைப்பார். படிக்கத் தெரியாதவருக்குத் திருவிருந்தில் இடமில்லை, திருமணமும் தடைபடும். பொதுப் பள்ளிகள் 1842-ல்தான் கட்டாயமாயின என்றாலும், அதற்கு முன்பே ஆண்களும் பெண்களுமாகப் பெரும்பாலோர் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கெடுபிடிதான். பொருளாதார வரலாற்றாசிரியர் லார்ஸ் சாண்ட்பெர்க், கல்வியில் முன்னே நின்று பணத்தில் பின்தங்கியிருந்த அன்றைய சுவீடனை, பண்பட்ட ஏழை என்ற பொருள்படக் குறிப்பிட்டார்; ரயிலும் மரத்தொழிலும் பொறியியலும் வந்தபோது அந்நாடு அவ்வளவு விரைவாக எழுந்ததற்கு இந்தப் படிப்பே அடித்தளம் என்பது அவர் வாதம். மதம் வளத்துக்கு முட்டுக்கட்டை என்று பொதுவாகச் சொல்பவர்கள் அந்தச் சபைப் பதிவேடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மதம், பேச்சு, வளம் ஆகிய மூன்றும் ஒரே நாட்டில், ஒரே மனிதர் வாழ்நாளுக்குள் தலைகீழாக மாறியதைக் காண அயர்லாந்துக்குச் செல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து பிரிந்த அந்நாட்டின் 1937-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனிச்சிறப்பான இடத்தை அளித்தது, மணவிலக்கைத் தடைசெய்தது, கடவுளையோ மதத்தையோ இழித்துரைக்கும் மதநிந்தனையைக் குற்றமாக்கியது. அதற்கு முன்பே 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தணிக்கை வாரியம் உருவாகியிருந்தது. அயர்லாந்தின் தலைசிறந்த எழுத்தாளர்களில் பலருடைய நூல்கள் அவர்களுடைய சொந்த நாட்டில் விற்கக் கூடாதவையாக இருந்தன. 1960-ல் எட்னா ஓ பிரையனின் முதல் நாவலும், 1965-ல் ஜான் மெக்கஹர்னின் இரண்டாம் நாவலும் தடைசெய்யப்பட்டன. மெக்கஹர்ன் டப்ளினில் பார்த்துவந்த ஆசிரியர் வேலையையும் இழந்தார்.

1951-ல் நடந்த ஒரு நிகழ்வு, அதிகாரம் எங்கே இருந்தது என்பதை நாட்டுக்குக் காட்டியது. சுகாதார அமைச்சர் நோயல் பிரௌன், தாய்மார்களுக்கும் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச மருத்துவம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார். வருமானம் குறையும் என்று மருத்துவர் சங்கம் எதிர்த்தது; குடும்பத்தின் உரிமையில் அரசு தலையிடுகிறது என்றும், மகப்பேறு பற்றிய அறிவுரை திருச்சபைப் போதனைக்கு மாறாகப் போகலாம் என்றும் ஆயர்கள் எதிர்த்தார்கள். அமைச்சரவை ஆயர்களுக்குப் பணிந்தது. பிரௌன் பதவி விலகினார். போகும்போது, தமக்கும் பிரதமருக்கும் ஆயர்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். மூடிய அறைக்குள் எழுதப்பட்ட அக்கடிதங்களை மறுநாள் செய்தித்தாளில் படித்த சாதாரண மக்கள், தங்கள் குழந்தைகளின் மருத்துவத்தைப் பற்றி முடிவெடுத்தது தாங்கள் வாக்களிக்காதவர்கள் என்பதை முதன்முறையாக எழுத்தில் கண்டார்கள். திட்டம் தோற்றது, ஆனால் அந்தக் கடிதங்களை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை.

அதே பத்தாண்டில் வேலை தேடி ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நாட்டை விட்டுச் சென்றார்கள். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 28 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இந்த வெளியேற்றத்தைக் கண்ட நிதித்துறைச் செயலாளர் டி.கே. விட்டேக்கர் 1958-ல் தயாரித்த அறிக்கை, தன்னிறைவு என்ற பெயரில் மூடிவைத்திருந்த சந்தையைத் திறந்து வெளிநாட்டு முதலீட்டை அழைக்கச் சொன்னது. 1967 முதல் இலவச உயர்நிலைக் கல்வி வந்தது. 1973-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நாடு சேர்ந்தது. குறைந்த நிறுவன வரியும் ஆங்கிலம் தெரிந்த இளைஞர்களும் பன்னாட்டு நிறுவனங்களை ஈர்க்க, 1990-களின் நடுவில் ஐரோப்பாவே வியக்கும் வளர்ச்சி தொடங்கியது.

இந்தக் காலவரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தை திறந்தபோது அயர்லாந்து மதத்தில் தளரவில்லை. 1970-களின் தொடக்கத்தில்கூடக் கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் திருப்பலிக்குச் சென்றார்கள். இலவசக் கல்வி நடந்த பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை திருச்சபை நடத்தியவையே. ஆக, பக்தி போய்ப் பணம் வந்தது என்ற வரிசை இங்கே பொய்க்கிறது. பணம் வந்து பக்தி போனது என்பதும் முழு உண்மை அல்ல. மக்களின் பற்றைத் தகர்த்ததில் பெரும்பங்கு, திருச்சபையின் பராமரிப்பிலிருந்த தொழிற்பள்ளிகளிலும் விடுதிகளிலும் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் வெளிவந்ததற்கு உண்டு. 1999-ல் மேரி ராஃப்டரி தயாரித்த தொலைக்காட்சித் தொடர் அந்தக் குழந்தைகளை, இப்போது நரைத்துப்போன பெரியவர்களை, நாட்டின் முன் பேசவைத்தது. அதே ஆண்டு பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2009-ல் வந்தது. பல பத்தாண்டுகள் பாதிக்கப்பட்டவர்கள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னாலும் கேட்கவோ அச்சிடவோ எவரும் துணியாததுதான். 2018 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரிக்க, மதநிந்தனைக் குற்றம் அரசியல் சாசனத்திலிருந்து நீங்கியது.

வளத்தைக் காட்டும் எண்ணும் அயர்லாந்தில் தடுமாறியது. பன்னாட்டு நிறுவனங்கள் தம் காப்புரிமைகளையும் சொத்துகளையும் கணக்கில் அங்கே மாற்றியதால், 2015-ல் அந்நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் 26 விழுக்காடு உயர்ந்ததாகக் காட்டப்பட்டது. குடிமக்களின் சட்டைப்பைக்கு அது வரவில்லை என்பதால் நாட்டின் புள்ளிவிவர அலுவலகம் தனியாக ஒரு திருத்திய அளவையே வகுக்க வேண்டியதாயிற்று.

கட்டுப்பாட்டின் வழியே வளம் வந்ததற்குச் சான்றாகக் காட்டப்படுவது சிங்கப்பூர். 1965-ல் தனி நாடானபோது தனிநபர் உற்பத்தி சுமார் 500 டாலர். இன்று அது 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2014-ல் பியூ ஆய்வு மையம் அதை உலகிலேயே மிகுதியான மதப் பன்மை கொண்ட நாடாகக் கணித்தது. பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலிலோ அண்மை ஆண்டுகளில் அதன் இடம் 120-க்கும் கீழே. மதத்தையும் பேச்சையும் அந்நாடு இவ்வளவு அச்சத்தோடு அணுகுவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு மலாய் முஸ்லிம் தாய் வளர்த்த டச்சு கத்தோலிக்கச் சிறுமியை, பெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1950-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சிறுமி கன்னிமாடத்தில் மாதா சிலை முன் இருக்கும் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. மூண்ட கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். 1964-ல் மீண்டும் இனக்கலவரங்கள் நடந்தன. அந்த நினைவின் மேல்தான், நாளேடுகளின் நிர்வாகப் பங்குகளுக்கு அரசின் ஒப்புதலைக் கட்டாயமாக்கிய 1974-ஆம் ஆண்டுச் சட்டமும், மதத் தலைவர்கள் பிற மதத்தை இகழவோ மதத்தைக் கொண்டு அரசியல் பேசவோ தடைவிதிக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் 1990-ஆம் ஆண்டு மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் எழுந்தன.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த ஏற்பாட்டின் இரு பக்கமும் பழக்கமானவை. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தீபாவளி பொது விடுமுறை. கோயில்கள் செழிப்பாக நடக்கின்றன. அதே வேளையில், 1968-ல் விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது. காவடி ஊர்வலத்தில் நேரடி இசைக்கு 1970-களில் வந்த தடை, 2016 முதல் பாதையின் சில இடங்களில் மட்டும் தளர்ந்தது. எல்லா மதத்தினரும் ஏதோவொன்றை விட்டுக்கொடுத்தார்கள் என்பதே அரசின் நியாயம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1987-ல் 22 பேர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டதையும், அவர்களுள் பலர் கத்தோலிக்கத் திருச்சபையோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்காக உழைத்தவர்கள் என்பதையும் அந்த நியாயத்தால் மூடிவிட முடியாது.

சிங்கப்பூரை மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாக நீட்டுபவர்கள் இரண்டை மறக்கிறார்கள். அங்கே அரசியல் பேச்சுக்குத்தான் கட்டுப்பாடு. விலை, ஒப்பந்தம், கடன், கப்பல் போக்குவரத்து பற்றிய தகவல் தங்குதடையின்றி ஓடுகிறது, வணிக வழக்குகளில் நீதிமன்றம் நம்பகமானது. மேலும் அது ஒரு நகரம். ஒரு பேட்டையில் தண்ணீர் வரவில்லை என்றால் அமைச்சருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் பேச்சை அடக்கினால் என்ன ஆகும் என்பதைச் சீனாவின் 1959–61 பஞ்சம் காட்டியது. விளைச்சலை மிகைப்படுத்தி மேலிடத்துக்கு எழுதிய உள்ளூர் அதிகாரிகளை மறுத்துச் சொல்ல ஒரு பத்திரிகைகூட இல்லாததால், இல்லாத தானியம் கணக்கில் கொள்முதலாகி, ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை எனப் பலவாறு மதிப்பிடப்படும் எண்ணிக்கையில் மக்கள் இறந்தார்கள். 1943-ல் வங்காளப் பஞ்சத்தைப் பிரிட்டிஷ் அரசு மறைக்க முயன்றபோது, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஆகஸ்ட் 22 அன்று தெருவில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்ட பிறகே டெல்லியும் லண்டனும் அசைந்தன. சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியது இத்தகைய அனுபவங்களிலிருந்தே. பேச்சுரிமை வளத்துக்குச் செய்யும் முதல் உதவி இதுதான்: அது பணத்தை உண்டாக்குவதை விட, எங்கே யார் அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைக் காலத்தில் தெரிவிக்கிறது.

மத உணர்வைக் காக்கும் சட்டம் ஒன்று, நாட்டுக்கு நாடு எப்படி வேறுபட்டு வளர்கிறது என்பதை இந்தியாவும் பாகிஸ்தானும் காட்டுகின்றன. இரண்டுக்கும் மூலம் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். 1920-களில் லாகூரில் நபிகளை இழித்து வெளியான ஒரு சிறு நூலின் பதிப்பாளரை உயர்நீதிமன்றம் விடுவித்ததைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில், 1927-ல் 295-அ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த விவாதத்தில், வரலாறு எழுதுபவரும் நல்லெண்ணத்தோடு மதத்தை விமர்சிப்பவரும் இதில் சிக்கிவிடக் கூடாது என்று எச்சரித்தவர்களுள் முகம்மது அலி ஜின்னாவும் ஒருவர். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்த இழிவுரை மட்டுமே குற்றம் என்ற வரம்பு அந்தப் பிரிவில் இடம்பெற்றது.

ஜின்னா உருவாக்கிய பாகிஸ்தானில் அந்த வரம்பு நிலைக்கவில்லை. 1980-களில் ஜியா உல் ஹக் ஆட்சியில் சேர்ந்த புதிய பிரிவுகளுள், மரணதண்டனை விதிக்கும் 1986-ஆம் ஆண்டின் 295-சி பிரிவில், உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. கிணற்றடித் தகராறுகூட வழக்காக மாறும் நிலை வந்தது. அச்சட்டத்தைத் திருத்தச் சொன்ன பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தஸீர் 2011 ஜனவரியில் தம் மெய்க்காவலர் கையாலேயே கொல்லப்பட்டார். பாகிஸ்தானின் பொருளாதாரத் தளர்ச்சிக்கு ராணுவச் செலவு, கல்வியின்மை, நிலவுடைமை எனப் பல காரணங்கள் உண்டு. அனைத்தையும் இச்சட்டத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆனால் இழப்பின் ஒரு பகுதியைத் தெளிவாகவே காணலாம். இயற்பியலில் 1979-ல் நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம், அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-ல் அரசியல் சாசனத் திருத்தம் அப்பிரிவினரை முஸ்லிம்கள் அல்லர் என்று அறிவித்தபோது அவர் தம் நாட்டு அரசில் வகித்த பணியைத் துறந்தார். வளரும் நாடுகளின் அறிவியலாளர்களுக்காக அவர் 1964-ல் தொடங்கிய ஆய்வு மையம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இருக்கிறது. அவர் அடக்கமான ரப்வா ஊரின் கல்லறைக் கல்லில், நோபல் பெற்ற முதல் முஸ்லிம் என்று பொறித்த வரியில் முஸ்லிம் என்ற சொல் மட்டும் அழிக்கப்பட்டது.

இந்தியாவில் 1957-ல் உச்சநீதிமன்றம் 295-அ பிரிவு செல்லும் என்றது. ஆனால் வரம்பையும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில், 1953-ல் திருச்சிப் பொதுக்கூட்டத்தில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்ததன் மீதான வழக்கு 1958-ல் அதே நீதிமன்றத்தை எட்டியபோது, கீழமை நீதிமன்றங்கள் புனிதப் பொருள் என்பதற்குக் கொண்ட குறுகிய விளக்கத்தை அது ஏற்க மறுத்தாலும், காலம் கடந்துவிட்டதைக் கருதி வழக்கை மேற்கொண்டு நடத்தச் சொல்லவில்லை. கோயில் திருவிழாக்கள் ஒருபுறமும் கடவுள் மறுப்பு மேடைகள் மறுபுறமும் ஒரே ஊரில் நடந்த அந்தப் பத்தாண்டுகள், நம்பிக்கையும் அதன் மறுப்பும் ஒன்றையொன்று கொல்லாமல் வாழ முடியும் என்பதற்குத் தமிழ் வாசகர் தேட வேண்டாத சான்று. 295-அ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

செல்வமும் சுதந்திரமும் பெற்று, பக்தியும் தளர்ந்த நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்றும் எண்ண இடமில்லை. டென்மார்க் தன் மதநிந்தனைச் சட்டத்தை 2017-ல் நீக்கியது. 2023-ல் சுவீடனிலும் டென்மார்க்கிலும் சிலர் பொது இடங்களில் குர்ஆனை எரித்ததைத் தொடர்ந்து பாக்தாத்தில் சுவீடன் தூதரகம் தாக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று டென்மார்க் நாடாளுமன்றம் 94-க்கு 77 என்ற வாக்குகளில், மதநூல்களைப் பொதுவெளியில் இழிவுபடுத்துவதை இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. 1766-ன் மரபைக் கொண்ட சுவீடன் அப்படிச் சட்டமியற்றவில்லை. எரிப்புப் போராட்டங்களுக்குக் காவல்துறை விதித்த தடைகளை அதன் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. அவ்வாறு எரித்தவர்களுள் ஒருவர் மீது இனவெறுப்பைத் தூண்டியதாக நடந்த வழக்கில், 2025 ஜனவரியில் தீர்ப்பு வரவிருந்த நாளுக்கு முந்தைய இரவு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஒரே வளமும் ஒரே அளவு நம்பிக்கையும் கொண்ட இரு அண்டை நாடுகள் இரு வழியில் சென்றிருக்கின்றன. டென்மார்க்கின் சட்டம் நூலுக்குச் செய்யும் செயலை மட்டும் தடுக்கிறது. மதத்தை விமர்சித்து எழுதுவதும் பேசுவதும், 2005-ல் அங்கே வெளியாகி உலகெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கிய நபிகள் பற்றிய கேலிச்சித்திரங்களைப் போன்றவற்றை வரைவதும் அங்கே இன்னும் குற்றமல்ல. அந்தக் கோடு அங்கேயே நிற்குமா, புகார்களின் அழுத்தத்தில் நகருமா என்பது வரும் ஆண்டுகளில் அந்நாட்டு நீதிமன்றங்களில் தெரியும்.